சங்குப்பூ சிவந்த இருபது நாட்கள்

1953ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். மழை இல்லை, வானம் தாழ்ந்து மூடியிருந்தது. வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு முன்னறைக் கொடியில், என் மனைவி முந்தின நாள் வரைந்து உலரப் போட்ட தாள்கள் ஏழு தொங்கின. ஆறு தாள்கள் போட்டபடியே இருந்தன. ஜன்னலை ஒட்டித் தொங்கிய ஏழாவது தாளில் நீலமாக இருந்த சங்குப்பூ, ஓரத்தில் இரண்டு விரற்கடை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

அன்று கல்லறைத் திருநாள். ராயபுரத்தில் இருக்கும் கல்லறைகளுக்குக் கொண்டுபோக அவள் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். நான் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், எலுமிச்சை பிழிந்த கையோடு இதைத் தொட்டாயா என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழம் வாங்கியாந்து எத்தினி நாளாச்சு? அந்தக் கணக்கு உங்ககிட்டதான கீது" என்றாள்.

உண்மைதான். வாங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு கூடையைத் தரையில் வைத்துவிட்டு, இடுப்பில் கைகளை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பூப் பறிக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்போது எனக்கு வயது முப்பத்தாறு, அவளுக்கு இருபத்தொன்பது. குழந்தைகள் இல்லை. துறைமுகத்தில் எனக்கு மூட்டை எண்ணும் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைக் கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் நான் எண்ணுவேன். மாலையில் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போடுவோம். ஒரு மூட்டை வித்தியாசப்பட்டாலும் கிடங்குக்குள் போய் மறுபடி எண்ண வேண்டும். அதுவும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது எண்ணிக்கை. அதுவரை கையெழுத்துக் கிடையாது. பதினான்கு வருடங்களாக நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதெல்லாம் இந்தப் பழக்கத்தால் வந்தது.

அந்த வீட்டுக்கு நாங்கள் வந்தது 1951 ஜூனில். ஓட்டு வீடு, மூன்று அறைகள், ஒன்றரை கிரவுண்டு மணல் நிலம், ஒரு கிணறு. ராயபுரத்தில் அவள் பிறந்த சந்தில் ஒரு தொட்டிச் செடி வைக்கக்கூட இடம் கிடையாது. இங்கே வந்ததும் செடி வைத்துத் தள்ளினாள். இரண்டு வருடத்தில் பூக்கும் செடிகள் மட்டும் இருபத்தாறு வகை. கன்னியர் பள்ளியில் படித்தபோது பீடத்து விரிப்புகளில் தைப்பதற்காகப் பூ வரையக் கற்றிருந்தாள். நன்றாக வரைவாள். கடையில் வாங்கிய சாயத்தில் செம்பருத்தியை வரைந்து செடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். இது பொய்ச் சிவப்பு என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகுதான் அந்த எண்ணம் வந்தது: ஒவ்வொரு பூவையும் அதனதன் சாற்றாலேயே வரைவது. இருபத்தாறு பூ, இருபத்தாறு தாள். வேறு சாயம் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கக் கூடாது.

சாறு எடுப்பது என் வேலை, வரைவது அவள் வேலை. இதழ்களைக் கல்லுரலில் நசுக்கி, மல் துணியில் பிழிந்து, வேலம்பிசின் கரைத்த நீரில் சொட்டு எண்ணிச் சேர்ப்பேன். பத்து இதழுக்கு ஆறு சொட்டு. அவள் கலங்கலாக இருக்கிறது என்பாள், நான் ஏழு சொட்டாக்குவேன்.

பூவில் தெரியும் நிறம் தாளுக்கு வருவதில்லை என்பதுதான் நாங்கள் முதலில் கற்றது. அத்தனை சிவந்த செம்பருத்தி தாளில் உலர்ந்ததும் ஊதாவும் நீலமும் கலந்த ஒரு நிறமாகிவிடும். கனகாம்பரம் வெளிறிய துரு நிறமாகும். நித்திய கல்யாணியில் நாற்பது இதழ் பிழிந்தும் ஒன்றுமே வரவில்லை. அந்திமந்தாரை பூவில் இருப்பதைவிடத் தாளில் அழகாக இருக்கும்; ஆனால் பத்து நாள் வெளிச்சத்தில் பாதியாக வெளுத்துவிடும். பவழமல்லியின் காம்பு மட்டும் ஏமாற்றாது. இதழ்களை ஒதுக்கிவிட்டுக் காம்புகளை மட்டும் கிள்ளிச் சேர்க்க வேண்டும்; நூற்றிருபது காம்புக்கு ஒரு பூ வரையலாம்.

சங்குப்பூதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பூவின் நீலம் அப்படியே தாளுக்கு வரும். ஆனால் தொட்டால் கோபித்துக்கொள்ளும் பூ அது. ஒருமுறை வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு விரலோடு அவள் தொட்டாள், அந்த இடம் பச்சையானது. இன்னொரு முறை எலுமிச்சைச் சாறு தெறித்தது, அந்தப் புள்ளி சிவந்தது. சுண்ணாம்பு பட்டால் பச்சை, புளிப்பு பட்டால் சிவப்பு. நாங்கள் அதை வேடிக்கையாக ஒரு மாலை முழுக்கச் செய்து பார்த்திருக்கிறோம். புளித் தண்ணீர், மோர், சோடா உப்பு என்று பதினொரு பொருள்.

ஆகவே கொடியில் தொங்கிய தாள் சிவந்ததென்றால் ஏதோ புளிப்பு பட்டிருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளையடித்த சுண்ணாம்பு. நிறம் மாறுவதானால் பச்சையாக அல்லவா மாற வேண்டும். எந்தப் புளிப்பு, யார் கையால் என்று வீடு முழுக்கத் தேடினேன். யார் கையும் படவில்லை.

அவளுக்கு மூச்சிழுப்பு தொடங்கியது அதற்கு முந்தின வருடம் அக்டோபரில். ராயபுரத்தில் இருந்தவரை ஒரு தும்மல்கூடக் கிடையாது. பிப்ரவரியில் தானாகக் குறைந்தது. இந்த அக்டோபரில் மறுபடி வந்தது, கூடுதலாக வந்தது. விடியற்காலையில் உட்கார்ந்தபடியே மூச்சு விடுவாள். நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுவேன். நிமிடத்துக்கு இருபத்தாறு, இருபத்தெட்டு. எனக்குப் பதினாறுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் வடக்கே எண்ணூர்ப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். நவம்பர் ஐந்தாம் தேதி மாலை வேலியோரம் நின்றுகொண்டு, என் கையிலிருந்த தாளைப் பார்த்து விசாரித்தார்.

"இன்னா சார், பூவப் புழிஞ்சி படம் போட்டுகினு கீறீங்களாம்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"வாடக் காத்து தொடங்கிச்சின்னா அப்டித்தான் சார். உங்க காயிதம் செவக்குது. எங்கூட்ல பொடவ கிழியுது. கொடியில போட்டு எடுத்தா சல்லட மாரி கீது, பாக்கிறீங்களா?"

அங்கே என்ன காய்ச்சுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஆசிட்டு. உரம் பண்றதுக்கு. நா பதினோரு வருசமா உள்ளார நின்னுகினு கீறேன், எனுக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லிச் சிரித்தார்.

அதுவரை அவர் சிரித்து நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும், கீழே மூன்றும் அரத்தால் ராவியது போலப் பாதியாகத் தேய்ந்திருந்தன.

ஏழாம் தேதி சனிக்கிழமை அவளை ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மார்பில் குழல் வைத்துக் கேட்டார். வீட்டைப் பற்றிக் கேட்டார். சிலருக்குப் பூந்தூள் ஒத்துக்கொள்ளாமல் இப்படி வரும், சிலருக்குப் புகையால் வரும், உங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கிறது, எதற்கும் உடனே இடத்தை மாற்றிவிடுங்கள் என்றார். உடனே என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். நான் எண்ணினேன். இருந்தும் வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது வேறு. பூந்தூள்தான் காரணமென்றால் தோட்டத்தை வெட்டிவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். காற்றுதான் காரணமென்றால் வீட்டையே விட வேண்டும். எது என்று தெரியாமல் எப்படி முடிவு செய்வது? கூட்டுறவுக் கடனில் இன்னும் ஆறு வருடத் தவணை பாக்கி.

தோட்டம் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். இதை அவளிடம் சொல்லவில்லை. வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தானாகவே சொன்னாள்:

"செடிய வெட்றதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுங்க."

ராயபுரத்தில் அவள் அண்ணன் வீட்டில் மேல்மாடி அறை ஒன்று காலியாகத்தான் இருந்தது. அன்றே அங்கே விட்டிருக்கலாம். வீட்டில் எங்கெங்கே காற்று பட்டுத் தாள் சிவக்கிறது என்று எண்ணிவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

எட்டு தாள்கள். எட்டிலும் ஒரே சாறு, ஒரே அளவு பிசின், ஒரே அளவில் வரைந்த சங்குப்பூ. வரைந்தது அவள்தான். அரை மணிக்கொரு தரம் தூரிகையை வைத்துவிட்டு மூச்சைச் சமாளித்துக்கொண்டு, எட்டையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தாள். முன்னறை ஜன்னலில் ஒன்று, பின்கதவில் ஒன்று, சமையலறையில் ஒன்று, கிணற்றடிக் கூரைக்குக் கீழே ஒன்று, தோட்டத்துப் பந்தலுக்குள் இரண்டு, நடு அறையில் ஒன்று, பெட்டிக்குள் பூட்டி வைத்தது ஒன்று. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை மாட்டினேன். பதினைந்தாம் தேதி மாலை எடுத்தேன். வடக்கைப் பார்த்த ஐந்து தாள்கள் சிவந்திருந்தன. மூன்று சிவக்கவில்லை.

இது போதும் என்று யாரும் சொல்வார்கள். எனக்குப் போதவில்லை. ஒரு எண்ணிக்கைக்குக் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. இரண்டாவது தடவை எட்டு தாள்கள் வரையச் சொன்னேன். வரைந்தாள். அந்த வாரம் நான்கு நாள் விடாமல் மழை. இருபத்திரண்டாம் தேதி எடுத்துப் பார்த்தபோது இரண்டு மட்டும் சிவந்திருந்தன.

ஐந்து, இரண்டு. ஒத்துவரவில்லை.

மழை பெய்தால் காற்று கழுவப்பட்டுவிடும் என்பது எனக்கு இப்போது தெரிகிறது, அப்போதும் தெரிந்திருக்கலாம். மழை பெய்த நான்கு நாளும் அவள் ஓரளவு நன்றாகத் தூங்கினாள் என்பதும் என் குறிப்பிலேயே இருக்கிறது: இருபத்திரண்டு மூச்சு, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபது. அந்த நான்கு எண்களையும் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவைக்குத் தாள் வெட்டிக்கொண்டு அவளிடம் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோபப்படவில்லை. தூரிகையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"கப்பல் மூட்டைய ரெண்டு பேரு எண்றீங்க. எனுக்கு நீங்க ஒருத்தர்தான். கொஞ்சம் சீக்கிரமா எண்ணுங்க."

நான் சிரித்தேன். சிரிப்பதற்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை ஒன்பது தாள் வரைந்தாள். ஒன்பதாவது எதற்கு என்று கேட்டேன். அவள் படுக்கும் அறையில் மாட்ட வேண்டும் என்றாள். அந்த அறை தெற்குப் பக்கம். ஜன்னலை அக்டோபரிலிருந்தே அடைத்து, இடுக்குகளில் துணி செருகியிருந்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் அது என்பது என் எண்ணம். அங்கே மாட்டுவது ஒரு தாளை வீணாக்குவது என்று சொன்னேன். அவள் கட்டிலின் தலைமாட்டில் ஆணியில் தானே மாட்டிக்கொண்டாள். இருபத்துமூன்றாம் தேதி, திங்கட்கிழமை.

அந்த வாரம் மழை நின்றுவிட்டது. காற்று மறுபடி வடகிழக்கிலிருந்து வந்தது. காலையில் தெருவில் ஒரு மூட்டம் தரையோடு கிடக்கும். எட்டரை மணிக்குத்தான் கலையும். முருங்கை இலைகளில் பொத்தல் விழுந்திருந்தது. கிணற்று வாளியின் கைப்பிடி புதிதாகத் துருப்பிடித்திருந்தது. வாங்கி மூன்று மாதம்தான். பக்கத்து வீட்டில் அந்த வாரம் யாரும் கொடியில் துணி போடவில்லை. இவற்றையெல்லாம் பார்த்தேன், எழுதினேன். வேலைக்கும் போனேன். ஒரு சர்க்கரைக் கப்பல், மூன்று நாள், பதினோராயிரத்து நானூற்று இருபது மூட்டை. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனது.

இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவளுக்குக் காபி கொண்டுபோனேன். கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. பேச முடியவில்லை. கண்ணால் மட்டும் மேலே காட்டினாள். தலைமாட்டில் இருந்த தாளில் நீலம் என்பதே இல்லை. ஐந்து இதழும், நடுவில் வெள்ளையாக விட்ட இடத்தைச் சுற்றிய கோடும், காம்போடு ஒட்டிய அடிப்பகுதியும், எல்லாமே புதுத் தழும்பின் நிறத்தில் இருந்தன. துணி செருகிய அறையில், நான்கே நாளில். அடைத்த அறைக்குள் வந்தது வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

பெட்டியில் பூட்டிய தாள் மட்டும் கடைசிவரை நீலமாக இருந்தது. அதை நான் பல நாள் கழித்துத்தான் திறந்து பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் ஜட்கா வண்டி பிடித்து வந்தார். அவரும் நானுமாக அவளைத் தூக்கி உட்கார வைத்தோம். "நைனா, எண்ணிகினே இருக்காத, மூஞ்சில காத்து பட்றா மாரி புடி" என்று அவர் அதட்டிய பிறகுதான் நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. தண்டையார்பேட்டை தாண்டும்வரை அவள் மூச்சு நிமிடத்துக்கு நாற்பதுக்கு மேல். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் இரவோடு அபாயம் நீங்கியது என்று சொன்னார்கள். இன்னும் முன்னாலேயே அந்த இடத்தை விட்டுக் கிளப்பியிருந்தால் நுரையீரல் இவ்வளவு கெட்டிருக்காது, இனி முழுதாகத் திரும்பாது என்றும் சொன்னார்கள். சொன்னவர் இளம் வயது டாக்டர். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ராயபுரத்து டாக்டர் உடனே என்று சொன்ன ஏழாம் தேதிக்கும் இருபத்தேழாம் தேதிக்கும் இடையில் இருபது நாட்கள். அவளுக்கு நான் செய்தது என்ன என்று யாராவது கேட்டால், இந்த இருபதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒன்பதாவது படியில் உட்கார்ந்து, மூச்சு வந்த பிறகு மீதி ஒன்பதை ஏறுவாள். அதன்பிறகு அவள் இருந்த அத்தனை வருடங்களிலும் எந்த வீட்டுப் படியானாலும் ஒன்பதுக்குமேல் ஒரே மூச்சில் ஏறியதில்லை. சாற்றால் வரைந்த பூக்கள் பத்தொன்பதோடு நின்றுவிட்டன. மீதி ஏழும் அந்தத் தோட்டத்திலேயே இருந்தன.

ஜனவரியில் வீட்டை விற்பதென்று முடிவானது. வண்ணாரப்பேட்டையில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் கேட்டு வந்தார். ஐந்து பெண் குழந்தைகள். மூத்ததற்குப் பன்னிரண்டு வயது. எதற்கு விற்கிறீர்கள் என்று கேட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மூவாயிரத்துக்குச் சம்மதித்து, முன்பணத்துக்கு நாளும் குறித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். காற்றைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டாள். அவர் கேட்கவில்லை என்றேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அது மூச்சுக்காகவா கோபத்துக்காகவா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியாது.

"அந்தக் காயிதம் அத்தினியும் எடுத்துகினு போயி அவருக்குக் காட்டுங்க. பாக்காம அவர் கையெழுத்து போடக்கூடாது. அஞ்சு பொண்ணுங்க" என்றாள்.

போனேன். மரக்கடையில், அறுத்து அடுக்கிய பலகைகளின் மேல் இருபத்தைந்து தாள்களையும் வரிசையாகப் பரப்பினேன். எது எங்கே தொங்கியது, எத்தனை நாளில் சிவந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலைமாட்டுத் தாளையும் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூ அசலாட்டம் இருக்கிறது, யார் போட்டது என்று விசாரித்தார். பிறகு தாளைக் கீழே வைத்தார். வாங்க மாட்டார் என்று நினைத்தேன். அப்படி ஆகட்டும் என்றும் ஒரு பக்கம் இருந்தது.

"வாடக் காத்து வருசத்துக்கு எத்தினி மாசம் சார் அடிக்கும்?" என்று கேட்டார்.

மூன்று, மூன்றரை மாதம் என்றேன்.

"மூணு மாசம் ஜன்னல சாத்திகினா போச்சு. அதுக்கு இன்னா கொறைக்கிறீங்க சொல்லுங்க."

சாத்திய அறையில்தான் இது சிவந்தது என்று மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டினார். கேட்டுக்கொண்டார், ஆனால் அவர் கண் தொகையில் இருந்தது. மூவாயிரத்திலிருந்து எண்ணூற்றைம்பது ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார். நல்ல பேரம் முடிந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு சோடா வரவழைத்துக் கொடுத்தார். பிப்ரவரி பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஏழு பேராக இரண்டு மாட்டுவண்டியில் குடிபோனார்கள். சாவியைக் கொடுக்கப் போயிருந்தேன். காற்று தெற்கே திரும்பியிருந்தது. தோட்டம் முழுக்கப் பூத்திருந்தது. சின்னப் பெண்கள் இரண்டு பேர் இறங்கியதும் பந்தலுக்கு ஓடிச் சங்குப்பூவைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டார்கள். நவம்பருக்கு இன்னும் எட்டரை மாதம் இருந்தது. தாய்க்காரியிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று நின்றேன். அவர் வீட்டுக்குள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். சொல்லாமல் திரும்பிவிட்டேன். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை. அவர்களைப் பற்றி யாரிடமும் விசாரித்ததும் இல்லை.

வீடு வாங்கியது மூவாயிரத்து இருநூறு ரூபாய்; பத்திரச் செலவு நூற்றுப் பன்னிரண்டு; கிணற்றுக்கும் வேலிக்கும் செடிகளுக்குமாக நூற்று எண்பத்தாறு ரூபாய் எட்டணா. விற்றது இரண்டாயிரத்து நூற்றைம்பது. மருந்துக்கும் வண்டிக்கும் தொண்ணூற்றாறு ரூபாய் பதினான்கு அணா. ஆக எனக்குப் போனது ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து ரூபாய், ஆறு அணா.